தாமரை இலையும் கேரவன் வண்டியும்

தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றால் சினிமாதான். தெருமுனையில் ஜெனரேட்டர் உறும, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நீள வெள்ளை வண்டி நின்றால் போதும். உள்ளே யார் என்று பார்க்கப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். படப்பிடிப்புக்குப் பழகிய புதுச்சேரிக்கும் அது தெரிந்த காட்சி. ஆனால் இந்த ஊருக்குக் கேரவன் வேறொரு வழியாகவும் வந்திருக்கிறது. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாரிஸிலிருந்து புறப்பட்ட இளைஞர் கூட்டம் ஒன்று தரைவழியாகவே இங்கு வந்து சேர்ந்தது. அந்த வண்டித்தொடரை ஆரோவில் வரலாறு ‘கேரவன்’ என்றே குறிக்கிறது. 1979ல் ஈரானில் புரட்சி, அதே ஆண்டின் முடிவில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை என்று அந்தப் பழைய பாதை அடைபட்டது. இருந்தும் ஐரோப்பிய எண் பலகையோடு ஒரு வீட்டு வண்டி எப்போதாவது ஈசிஆரில் கண்ணில் படத்தான் செய்கிறது. இப்போது அதோடு டெம்போ டிராவலரைப் படுக்கையும் அடுப்புமாக மாற்றிக்கொண்டு கிளம்பும் உள்ளூர்க் குடும்பங்களும் சேர்ந்துவிட்டன.

இவர்கள் எல்லோருக்கும் புதுச்சேரியில் ஒரே ஆசை. கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்த வேண்டும், அலைச் சத்தத்தில் தூங்க வேண்டும். வண்டியின் தோலுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது.

நம்பாதவர்கள் கடலோரம் ஓர் இரவு நின்ற வண்டியின் பானெட்டில் காலையில் விரலை வைத்து இழுத்துப் பார்க்கலாம். பனியில் நனைந்த தூசிபோல ஒரு பிசுபிசுப்பு விரலில் ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி, நீர் காய்ந்து, உப்பாக வந்து படிகின்றன. அந்த உப்பு சும்மா கிடப்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்பு ஜாடி நீர்விடுகிறதே, அதேதான். வெயில் ஏறினால் காயும், இரவானால் மறுபடி கரையும். பெயிண்டில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் அந்த உப்பு நீர் உள்ளே இறங்கித் தகட்டைத் தொட்டுவிடும். பிறகு பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து, ஒருநாள் கொப்புளமாக வெளியே வரும்.

இந்த விஷயத்தில் தமிழகத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்தியாவில் எந்த ஊரில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டிருக்கிறது. அதன் கடலோரச் சோதனைக் களம் மண்டபத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பாம்பன். 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக் காப்பது ஒரு முடியாத வேலையாகவே நடந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுச்சேரி பாம்பன் அளவுக்குக் கொடியதல்ல. ஆனாலும் கிழக்கே முழுக்கக் கடல், வடக்கே ஈசிஆரில் போனால் சாலையோரமே மரக்காணம் உப்பளம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் கோடையில் பிற்பகல் கடற்காற்றும் உப்பைக் கரைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

நல்ல வேளையாக ஒரு சலுகை உண்டு. காற்றில் உப்பின் அளவு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே சரசரவென்று குறைந்துவிடும். பொழுது சாயும்வரை கடற்கரையில் இருந்துவிட்டு, வண்டியை ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தித் தூங்கினால் போதும், பாதி வேலை காசில்லாமல் முடிந்தது. அலைச் சத்தம் கிடைக்காது என்பது ஒன்றுதான் நஷ்டம்.

மீதிப் பாதி கழுவுவதில் இருக்கிறது. அங்கேதான் நம் ஊர் வழக்கங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன.

வாட்டர் வாஷ் கொடுக்கும் இடங்களில் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வெயிலில் ஓடிவந்து கொதிக்கும் தகட்டின்மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். வாளியில் பாத்திரம் துலக்கும் சோப்போ துணி சோப்புத் தூளோ நுரைக்கிறது. அடுத்து வருகிறது ‘பனியன் வேஸ்ட்’. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணி, மூட்டையாகக் கட்டி வந்தது. உள்ளே தையல் முடிச்சும் இருக்கும், முந்தின வண்டியின் மணலும் இருக்கும். அதை வட்ட வட்டமாகத் தேய்ப்பார்கள். கருநிற வண்டியை அன்று மாலை தெருவிளக்குக்குக் கீழே நிறுத்திப் பார்த்தால் அந்த வட்டங்களெல்லாம் சிலந்திவலையாகத் தெரியும். கடைசியில் சில இடங்களில் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து ஒரு ஸ்ப்ரே. ‘புது வண்டி மாதிரி ஆயிடுச்சு சார்’ என்ற வாழ்த்தோடு வண்டி வெளியே வரும். உண்மைதான், ஒரு மணி நேரத்துக்குப் புது வண்டி மாதிரிதான் இருக்கும். அதன்பிறகு அந்த எண்ணெய்ப் பசை ரோட்டுத் தூசியையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கும், கதவு ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும். வீட்டு வண்டிகளின் ஜன்னல்களில் பல கண்ணாடி அல்ல, அக்ரிலிக். தின்னர், பெட்ரோல் வகையறா பட்டால் அதில் மயிரிழை விரிசல்கள் ஓடும். ஓடிய விரிசலைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது.

பாத்திர சோப்பின் குற்றம் இன்னும் எளிமையானது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்த பொருள் அது. வண்டியின்மேல் பூசிய மெழுகும் அதற்கு ஒரு பிசுக்குதான்.

அந்த மெழுகுதான் இங்கே முக்கியம். புதுச்சேரிக்காரர்கள் வண்டியைக் கழுவுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட அதைக் காப்பதில் காட்டுவதில்லை. பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்பது பிடிபடாமல் இருப்பதே காரணம். கார் கம்பெனியில் அடித்துவரும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் பறவை எச்சத்தின் அமிலத்தைத் தாங்குவதும் அந்த ஒற்றை அடுக்குதான். ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷினில் பஃப் அடித்தால் பளபளக்கிறதே, அது எப்படி? கீறல் பட்ட மேல்பரப்பைச் சீவி எடுப்பதால் பளபளக்கிறது. இட்டதல்ல, எடுத்தது. வருடா வருடம் தீபாவளிக்குப் பஃப் அடிக்கும் வண்டியில் ஐந்தாறு வருடத்தில் கூரை ஓரங்களில் கிளியர் கோட் தோலுரிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெழுகு போடுவது சேர்ப்பது. அதன் வேலையைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்குப் பாடம் தேவையில்லை. பட்டும் படாமலும் இருப்பவனைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று சொல்லிவருகிறோம். அந்த இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்று நுண்ணோக்கியில் பார்த்து 1997ல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவருடைய சகா நைன்ஹுய்ஸும். இலை முழுக்க நுண்ணிய மேடுகள், அவற்றின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகு இழைகள். துளி தட்டையாகப் பரவ இடமின்றி உருண்டு, போகிற போக்கில் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. வண்டிக்குப் போடும் மெழுகில் பேர்போன கார்னாபாவும் ஓர் இலையிலிருந்து வருவதுதான். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்று, வறட்சியில் இலை காயாமலிருக்கத் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் மெழுகு. தாமரை அளவுக்குச் சாமர்த்தியம் அதற்கு இல்லை, வண்டி தானாகச் சுத்தமாகிவிடாது. ஆனால் உப்பும் எச்சமும் கிளியர் கோட்டை நேராகத் தொடாமல் நடுவே நிற்கும். நம் வெயிலில் கார்னாபா இரண்டு மூன்று மாதத்துக்குமேல் தாங்காது. செயற்கை சீலன்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. ஈரத்துணிபோலப் படர்ந்தால் போய்விட்டது.

ஒரு தொல்லையும் உண்டு. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியிருப்பது புதுச்சேரியின் நெடுநாள் கவலை. அப்படிப்பட்ட போர் தண்ணீர் வண்டிமேல் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையமாகிவிடும். அதனால் காலையிலோ சாய்ங்காலமோ நிழலில் கழுவி, கையோடு துடைத்துவிட வேண்டும். வளையம் விழுந்துவிட்டால் நீரில் கலந்த வினிகரால் ஒற்றியெடுத்து உடனே அலசினால் பெரும்பாலும் போகும்.

இதுவரை சொன்னது தகட்டு வண்டிக்கு. வீட்டு வண்டியின் சிக்கல், அதன் உடம்பு ஒரே பொருளில் ஆனதல்ல என்பதே. முகப்பு கம்பெனித் தகடு, பக்கச் சுவர் அலுமினியமோ ஏசிபி (அலுமினியக் கூட்டுப்) பலகையோ, கூரையும் பின்புறமும் ஃபைபர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் எது இரும்பு என்றாவது தெரிந்துவிடும். ஏசிபி பலகையின் பூச்சு மிக மெல்லியது, அதில் காம்பவுண்டே கூடாது. அலுமினியச் சுவரில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ முடுக்கியிருந்தால், உப்பு ஈரம் சேர்ந்ததும் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கத் தொடங்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான் அறிகுறி.

ஃபைபருக்கு மட்டும் யாரைக் கேட்பது என்று புதுச்சேரியில் தேட வேண்டியதில்லை. வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளைப் பார்த்தால் போதும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரை நெடுகக் கட்டுமரம் குறைந்து ஃபைபர் பெருகியது. அந்தப் படகின் மேல்தோலும் ஜெல்கோட்தான், விலையுயர்ந்த ஐரோப்பிய வீட்டு வண்டியின் மேல்தோலும் ஜெல்கோட்தான். பெயிண்டைப்போல மைக்ரான் கணக்கில்லை, சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். வெயிலில் காய்ந்தால் மேல்பரப்பு சுண்ணாம்பாகப் பொடிந்து, கறுப்புத் துணியால் துடைத்தால் வெள்ளையாக ஒட்டும். நாளாகிவிட்ட படகில் சாய்ந்து எழுந்தவர்களுக்கு வேட்டியில் அனுபவம் இருக்கும். இங்கே காம்பவுண்ட் தாராளமாகப் போடலாம், தோல் தடிமன் என்பதால் பல முறை தாங்கும். தேய்த்து எடுத்தவுடன் மெழுகு போடாமல் விட்டால் மட்டும் சில மாதத்தில் பழைய கதைதான். சில்லு பெயர்ந்த இடத்தைப் பிசின் வைத்து அடைப்பதிலும் நார்ப்பாய் ஒட்டுவதிலும் நம் குப்பத்துக் கைகளுக்கு இருக்கும் பழக்கம் எந்த ஷோரூமிலும் கிடைக்காது. அந்தக் கைத்தொழிலை வீட்டு வண்டிப் பழுதுக்கும் நீட்டிக்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஒரு குறுகிய வகுப்பு நடத்தினால், மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில் ஒரு வருமானமாவது ஆகும்.

எல்லாவற்றையும்விட அதிகம் சேதமாகும் இடம் கண்ணில் படாத இடம். கூரை. பக்கச் சுவரை நாள்தோறும் துடைப்பவர்கள்கூட ஏணி போட்டுக் கூரையைப் பார்ப்பது வருடத்தில் ஒரு தடவை இருந்தால் அதிகம். பக்கச் சுவரில் மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் ஒழுகியிருந்தால் அதைச் சுவரின் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். அது கூரையிலிருந்து வழிந்தது. சோலார் பலகை, காற்றுப்போக்கி, ஏரியல் எனக் கூரையில் போட்ட ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பூசிய சீலன்ட் வெயிலில் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கிப் பலகையை ஊற வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கடையில் சுலபமாகக் கிடைக்கிறதென்று சிலிக்கானை அப்புவதும் தவறு. பிறகு அந்த இடத்தில் பெயிண்டும் பிடிக்காது, வேறு சீலன்ட்டும் பிடிக்காது. பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் கேட்டு வாங்க வேண்டும். உயர் அழுத்தக் குழாயையும் இந்த ஓரங்களில் கிட்டக் கொண்டுபோகக் கூடாது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தெருவெல்லாம் வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. மறுவாரம் மேலே கழுவிப் பளபளப்பாக்கியவர்களில் எத்தனை பேர் அடிப்பகுதியையும் கதவின் கீழ்விளிம்பிலுள்ள நீர்த்துளைகளையும் பார்த்தார்கள்? சேறு அடைத்த அந்தத் துளைகளில் தேங்கும் நீர்தான் கதவை உள்ளிருந்து தின்பது.

சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அன்றைக்கு வண்டிக்குக் கிடைக்கும் மரியாதை அழகானது. சந்தனம், குங்குமம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்தக் குங்குமமும் மஞ்சளும் ஈரத்தோடு கிளியர் கோட்டில் இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் கறை இறங்கிவிடும். மாலையைக் கட்டிய கம்பியும் செலோ டேப்பின் பசையும் தனிக் கதை. பொட்டைக் கண்ணாடியில் வைத்தால் சாமி கோபிக்காது. மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாலும் பாவமில்லை.

‘செராமிக் கோட்டிங், ஐந்து வருட கேரண்டி’ என்ற பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் பொய்யல்ல, மெழுகைவிடக் கெட்டியானது, நெடுநாள் நிற்கும். பொய் இருப்பது அந்தக் கேரண்டியைக் கேட்பவர் காதில். இனிக் கழுவவே வேண்டாம் என்றும் துருவே பிடிக்காது என்றும் அவர் எடுத்துக்கொள்கிறார். கல் தெறித்தால் செராமிக் தடுக்காது. ஏற்கெனவே அடியில் ஊரும் துருவையும் அது நிறுத்தாது. பழைய கீறலைச் சரிசெய்யாமல் பூசினால் கீறலுக்கும் ஐந்து வருட கேரண்டி. கவர் போட்டு மூடலாமா என்றால், காற்றடிக்கும் கடலோரத்தில் மணலோடு உரசும் தார்ப்பாய் ஒரு பெரிய உப்புத்தாள். கூரை போட்ட நிழலே நல்லது. பிரெஞ்சுக்காரர்களை ஆட்கள் தள்ளிக்கொண்டுபோன ‘புஸ்புஸ்’ வண்டி இன்றும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கிறதென்றால், கூரைக்குக் கீழே நிற்பதால்தான்.

அரசு செய்ய வேண்டியதும் இதில் இருக்கிறது. கேரளம் 2021ல் ‘கேரவன் கேரளா’ என்று கொள்கை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமணில் கேரவன் பூங்காவும் திறந்தது. சுற்றுலாவை நம்பி வாழும் புதுச்சேரியும் இந்த வழியில் யோசிக்காமல் இருக்க முடியாது. வீட்டு வண்டியில் வருபவருக்கு ஓட்டல் அறை வேண்டாம். நல்ல தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம், உப்பைக் கழுவ ஒரு மேடை. இவை இல்லாதபோது அவர் ஏதாவது தெருவோரத்தில்தான் கழுவுவார். சோப்பும் எண்ணெயும் சாக்கடையில் இறங்கும். இந்த ஊரில் சாக்கடை கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் குழாயை அரை மணி திறந்துவிட்டால் 300 லிட்டர். இரண்டு வாளி வைத்து, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலசும் நீர் என்று பகுதி பகுதியாக மேலிருந்து கீழே இறங்கினால் ஒரு வேனுக்கு அதில் கால்வாசி போதும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்த நிலை இங்கே வருவதற்கு முன்பே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தின் கனரக வாகன முனையத்தில் ஒரு கழுவு மேடையை அமைக்கலாம். கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, பெரிய வண்டி திரும்ப இடமும் உண்டு. எண்ணெய் பிரிக்கும் தொட்டி, கழுவிய நீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்தும் வசதி, கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத நீர். கட்டணம் வாங்கட்டும். லாரிக்காரர்களும் டூரிஸ்ட் பஸ்காரர்களும்கூட வருவார்கள். வரி குறைவென்று வெளியூர்ச் சொகுசு வண்டிகள் பிஒய்-01 எண் வாங்க இங்கே ஓடிவந்து, 2017ல் கேரளத்தில் அது வழக்குவரை போனது ஊரறிந்த கதை. எண்ணுக்காக வந்தவர்கள் தண்ணீருக்காகவும் வரட்டுமே.

மேடையோடு ஓர் ஏணியும் வைத்தால் நல்லது. கூரையை ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும்.